ஜப்பானிலும் ஒரு சரசா! நம்ம கரைத் துணி பெண் பெயரான கதை

கும்மிடிப்பூண்டி:

சரசா.

இந்தப் பெயரைக் கேட்டதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறது? பக்கத்து வீட்டு சரசா அக்கா வரலாம். மாடி வீட்டு சரசா மாமி வரலாம். வீட்டில் எல்லோரும் "சரசு" என்று கூப்பிடும் அத்தை வரலாம்.

ஆனால் ஜப்பானிலும் சரசா இருக்கிறாள்!

கிமோனோ கட்டும் நாட்டில், கஞ்சி மாதிரி சூப் குடிக்கும் வீட்டில், பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர். அபூர்வமான பெயர். அதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. அந்தப் பெயரின் கதை, கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் தினமும் வந்து போகிறவர்கள் காலடியிலேயே கிடக்கிறது. பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடித்தால் போய்ப் பார்த்துவிடலாம்!

மணியும் வைரமும்

திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு ஜப்பான் பெயர் புதிது அல்ல. திருவள்ளூர் தொழிற்சாலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார் தயாரானது. கும்மிடிப்பூண்டி பக்கம் பெருவாயலில் ஏ.சி. மெஷின் தொழிற்சாலை அமைக்க, 2023 மே மாதம் மிட்சுபிஷி எலெக்ட்ரிக் கம்பெனி தமிழக அரசோடு 1,891 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. எல்லையைத் தாண்டி தடா பக்கம் போனால் ஸ்ரீசிட்டியில் இசுசு.

அர்த்தம் தெரியுமா? "மிட்சு" என்றால் மூன்று. "பிஷி" என்பது சாய்சதுர வடிவத்தைக் குறிக்கும் சொல். அதனால்தான் அந்த மார்க்கில் மூன்று வைரம். "இசுசு" என்றால் ஐம்பது மணி! அது ஜப்பானில் ஒரு நதியின் பெயர். "சுசுகி" என்று எழுதும்போது மணி, மரம் என்று இரண்டு எழுத்து போடுகிறார்கள். "ஹோண்டா"வில் வயல் இருக்கிறது.

இதெல்லாம் கம்பெனிப் பெயர், குடும்பப் பெயர், ஊர்ப் பெயர். பெற்றவர்கள் வைக்கிற சொந்தப் பெயர் வேறு. அது நம் காதுக்கு லேசில் எட்டாது. ஏனென்றால் ஜப்பான்காரர்கள் ஆபீசில் குடும்பப் பெயரைச் சொல்லி, பின்னால் "சான்" சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். பெரியவரோ சின்னவரோ, ஆணோ பெண்ணோ, எல்லோரும் "சான்"தான். சொந்தப் பெயர் வீட்டுக்கும் நெருங்கிய சிநேகிதர்களுக்கும். பத்து வருஷம் ஒரே ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு, மேலதிகாரியின் சொந்தப் பெயரைக் கேட்டால் முழிக்கிற ஆட்கள் உண்டு!

அப்படி வீட்டுக்குள் இருக்கிற பெயர்களில் ஒன்றுதான் "சரசா". மூன்று எழுத்தையும் ஒரே அளவில், கடைசி எழுத்தை நீட்டாமல் சொல்வார்கள்.

அர்த்தம் என்ன?

ஜப்பான் அகராதியைப் புரட்டினால் "சரசா" என்பதற்குப் போட்டிருக்கும் அர்த்தம் இதுதான்: பூவும் கொடியும் சாயத்தில் எழுதிய பருத்தித் துணி.

நம்ம பாஷையில் சொன்னால், சீட்டித் துணி!

பாட்டி காலத்தில் சீட்டிப் பாவாடை என்பார்களே, அதேதான். இங்கே சீட்டி என்றால் மலிவான சரக்கு. ஜப்பானில் அதுவே பெண்ணுக்கு வைக்கிற அழகான பெயர். ஊருக்கு ஊர் மவுசு மாறுகிறது.

"சரசா"வை எழுத இரண்டு சித்திர எழுத்து. முதல் எழுத்துக்குப் "புதிதாக", "மறுபடியும்" என்று பொருள். இரண்டாவது எழுத்துக்கு, காற்றுப் புகும் மெல்லிய பட்டு என்று பொருள். அந்த இரண்டாவது எழுத்தைப் பிரித்தால் ஒரு பக்கம் "நூல்", மறுபக்கம் "கொஞ்சம்". நூல் கொஞ்சமாக இருந்தால் மெல்லிய துணிதானே! ஆனால் இந்த எழுத்துக்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சொல்லின் ஓசைக்குப் பொருத்தமாகத் தேடிப் போட்டவை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஓடையில் தண்ணீர் ஓடும் சத்தத்தை ஜப்பான்காரர்கள் "சரசர" என்பார்கள். நாம் "சலசல" என்கிறோம். வழுவழுப்பான கூந்தலுக்கும் அவர்கள் "சரசர"தான். ஆகவே அந்தப் பெயர் காதில் விழுந்தால் ஜப்பான்காரருக்குத் துணியும் தெரியும், ஓடையும் கேட்கும்.

"ஆகா! தமிழும் ஜப்பானும் ஒன்றுதான்" என்று உடனே கிளம்பிவிட வேண்டாம். அப்படிச் சொன்னவர் இருந்தார். ஓனோ சுசுமு என்ற ஜப்பான் மொழிப் பேராசிரியர். 1919-ல் பிறந்து 2008-ல் காலமானவர். இரண்டு மொழிச் சொற்களையும் அடுக்கி அடுக்கி ஒப்பிட்டார். மொழி ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அது தனி வழக்கு. "சரசா" அப்படிப் போன சொல் அல்ல. அது கப்பலில் போன சொல்!

கப்பல் ஏறிய சீட்டி

கப்பல் எங்கிருந்து கிளம்பியது? இங்கேதான் பழவேற்காடு வருகிறது.

பொன்னேரியிலிருந்து சுமார் 18 கிலோ மீட்டர். இன்றைக்குப் பழவேற்காடு என்றால் இறால், நண்டு, ஏரி, பறவை. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே போனால் துணி, துணி, துணிதான். பார்போசா என்ற போர்த்துக்கீசியர் 1516 வாக்கில் எழுதி வைத்த குறிப்பில், பழவேற்காட்டில் கிடைக்கும் எழுத்துத் துணிகளையும், அவை மலாக்கா, பெகு, சுமத்ரா என்று கப்பல் ஏறியதையும் சொல்கிறார்.

பிறகு டச்சுக்காரன் வந்தான். 1610-ல் பண்டகசாலை போட்டான். 1613-ல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை, சோழமண்டலக் கரை முழுவதிலும் இருந்த டச்சு வியாபாரத்துக்குப் பழவேற்காடுதான் தலைநகர். கவர்னரே இங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

இங்கே ஏற்றிய மூட்டை ஜாவாத் தீவில் பத்தாவியாவுக்குப் போகும். இன்றைய ஜகார்த்தா. அங்கே கப்பல் மாறி, ஜப்பானின் நாகசாகிக்கு. 1639-ல் போர்த்துக்கீசியரை ஜப்பான் துரத்திவிட்டது. 1641 முதல் டச்சுக்காரர்களை மட்டும், அதுவும் நாகசாகித் துறைமுகத்தில் டெஜிமா என்ற சின்னத் தீவுக்குள் அடைத்து, வியாபாரம் பண்ண விட்டது. இருநூறு வருஷத்துக்கும் மேல் ஐரோப்பியரில் வேறு யாருக்கும் அங்கே கதவு திறக்கவில்லை. அந்த ஒற்றைக் கதவு வழியாக நம் கரைச் சீட்டி ஜப்பானுக்குள் போனது.

எல்லாமே பழவேற்காட்டுச் சரக்கு என்று சொன்னால் அது பொய். மசூலிப்பட்டினத்திலிருந்தும் போனது. குஜராத்திலிருந்தும் போனது. சீனக் கப்பல்களும் ஏற்றிச் சென்றன. ஆனால் டச்சுக்காரனின் சோழமண்டலக் கணக்குப் புத்தகம் இருந்தது பழவேற்காட்டில்.

"சரசா" என்ற சொல்லும் இந்தக் கடல் வியாபாரிகளின் வாய் வழியாகப் போனதுதான். போர்த்துக்கீசிய மொழியிலும் இந்தச் சொல் உண்டு. அதற்கு முந்திய மூலம் எது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் சண்டை. குஜராத்தியில் "அருமையானது" என்று பொருள் தரும் "சரஸ்" என்கிறது ஒரு கட்சி. ஜாவா, மலாய் பக்கத்துச் சொல் என்கிறது இன்னொரு கட்சி. நம்ம சரசாவுக்குச் சரஸ்வதியும் உண்டு, "ரசம் நிறைந்தவள்" என்ற பொருளும் உண்டு. குஜராத்திக் கட்சி ஜெயித்தால், இரண்டு நாட்டுச் சரசாவும் ஒன்றுவிட்ட அக்கா தங்கை ஆகிவிடுவார்கள்!

வேரில் இருந்த சிவப்பு

அப்படி என்ன பெரிய துணி?

சாயம் போகாத துணி. அதுதான் விசேஷம். துவைக்கத் துவைக்க நிறம் மங்காத பருத்தி அன்றைக்கு உலகத்தில் பல நாட்டுக்காரர்களுக்குத் தெரியாத வித்தை.

முதலில் துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்துவார்கள். பால் இருப்பதால் எழுதுகிற மை கசியாது. துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் புளிக்கவைத்துக் கறுப்பு மை எடுப்பார்கள். அதனால் கோடு எழுதுவார்கள். எங்கே சிவப்பு வரவேண்டுமோ அங்கே படிகாரத் தண்ணீர் தடவுவார்கள். பிறகு சாயவேர் போட்டுக் கொதிக்கவைத்த அண்டாவில் துணியை இறக்குவார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு அப்படியே பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் பிடித்தது துவைத்து வெயிலில் போடப் போட வெளுத்துவிடும். நீலம் வேண்டுமானால், வேண்டாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடிவிட்டு, அவுரித் தொட்டியில் முக்கி எடுப்பார்கள்.

ஒரு துண்டுக்கு வாரக்கணக்கில் வேலை. செய்தவன் பெயர் எந்தத் துணியிலும் இல்லை.

ஒட்டுத் துண்டுக்கு ஆல்பம்!

நாகசாகியில் இறங்கிய சீட்டிக்கு ஜப்பானில் அடித்த யோகத்தைக் கேளுங்கள். அங்கே தேநீர் குடிப்பதே ஒரு பூஜை மாதிரி. அந்தத் தேநீர்த் தூள் டப்பாவுக்கு உறை தைக்க நம் துணி. பெரிய மனிதரின் புகையிலைப் பைக்கு நம் துணி. பட்டுக் கிமோனோவுக்கு உள்ளே, வெளியில் தெரியாமல் போடும் உடுப்புக்கும் நம் துணி. முழுப் புடவை நீளத்துக்கு வாங்க எல்லோருக்கும் வசதி இல்லை. அதனால் கையகலத் துண்டையும் பத்திரப்படுத்தினார்கள்.

ஹிகோனே என்ற ஊரின் பிரபு குடும்பம் சேர்த்து வைத்திருந்த 450 துண்டுகள் இன்றைக்கு டோக்கியோ தேசிய மியூசியத்தில் இருக்கின்றன. 1778-ல் "சரசா" டிசைன்களுக்கென்றே ஜப்பானில் ஒரு வழிகாட்டிப் புத்தகம் அச்சாகி வந்தது. பிறகு அவர்களே போலச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். டோக்கியோவின் பழைய பெயர் எடோ. அங்கே செய்யும் "எடோ சரசா"வுக்கு, ஒரே துணிக்கு முப்பதுக்கும் மேற்பட்ட அச்சுத்தாள் வெட்டுகிறார்கள்.

துணி அங்கே போய் ஊரையும் சேர்த்து விற்றது. கோடு போட்ட ஒரு பருத்தித் துணிக்கு ஜப்பானில் "சந்தோமே" என்று பெயர். என்ன என்று தெரிகிறதா? நம்ம சாந்தோம்! மயிலாப்பூர் சாந்தோம்தான் ஜப்பான் ஜவுளிக் கடையில் போய் உட்கார்ந்தது. பழவேற்காட்டின் பெயர் வேறு பக்கம் போனது. மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு "காயின் பெலிகாட்" என்று பெயர். "பெலிகாட்" என்பது பழவேற்காடு! இங்கே "பாளையக்காட்டு லுங்கி" என்று கேட்டு வாங்கினார்களே, அதுவும் இதே வம்சம்தான்.

தங்கமீனைக்கூட விடவில்லை. வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டு இருக்கிற "காமெட்" தங்கமீனுக்கு, மீன் வளர்ப்பவர்கள் மத்தியில் "சரசா காமெட்" என்று பெயர். துணி மாதிரி இருக்கிறதாம்!

சர்க்கார் தடுத்த பெயர்

இவ்வளவு மவுசு இருந்தும் பெண் பெயராக "சரசா" ஏன் அபூர்வம்?

ஒரு காரணம், காலத்தின் வழக்கம். 1930, 1940-களில் ஜப்பான் பெண் பெயர்களில் முன்னணியில் இருந்தவை பெரும்பாலும் "கோ" என்று முடியும். "கோ" என்றால் குழந்தை. நம்மூரில் ஒரு காலத்தில் எல்லாப் பெண்ணுக்கும் "அம்மாள்" போட்ட மாதிரி.

இன்னொரு காரணம், சட்டம்! இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, எழுத்துக்களைக் குறைக்க ஜப்பான் சர்க்கார் பட்டியல் போட்டது. 1948 முதல், பிறக்கும் குழந்தைக்குப் பட்டியலில் உள்ள சித்திர எழுத்தில்தான் பெயர் எழுத வேண்டும் என்று சட்டம் வந்தது. இல்லாத எழுத்தில் எழுதினால் பதிவு ஆபீசில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். 1951-ல் பெயருக்கென்று 92 எழுத்தைச் சேர்த்தார்கள். அதில் புலி வந்தது. கரடி வந்தது. ஆமை, கொக்கு எல்லாம் வந்தது. "சரசா"வின் இரண்டாவது எழுத்து, அந்த மெல்லிய துணி எழுத்து, வரவில்லை!

ஆகவே ஒரு தகப்பன் தன் பெண்ணுக்கு அகராதியில் உள்ளபடி "சரசா" என்று சித்திர எழுத்தில் எழுத ஆசைப்பட்டால் முடியாது. சாதாரண ஓசை எழுத்தில் எழுதிக்கொள்ளலாம். அவ்வளவுதான். ஆமை என்று எழுதலாமாம், துணி என்று எழுதக்கூடாதாம். பியூன் முதல் கலெக்டர் வரை சுற்றி வந்து சர்ட்டிபிகேட் வாங்கியவர்களுக்கு இந்த வேடிக்கை புரியும்.

1976-ல் இன்னும் 28 எழுத்தைச் சேர்த்தபோதுதான் அந்த எழுத்துக்கு வழி பிறந்தது. 28 வருஷம் காத்திருந்த எழுத்து! பட்டியல் வளர்ந்து வளர்ந்து, இப்போது பெயர் வைக்க 2,999 சித்திர எழுத்து அனுமதியாகி இருக்கிறது. அதுவும் பிறந்து 14 நாளைக்குள் பெயரோடு பதிவு செய்ய வேண்டும். இங்கே பிறப்பை 21 நாளில் பதிந்துவிட்டு, பெயர் சேர்க்க ஒரு வருஷம் வரை பீஸ் இல்லாமல் டயம் தருகிறார்கள். நம் பாட்டிமார்கள் மூன்று பெயர் சொல்லிச் சண்டை போட அது அவசியம்தான். எழுத்தை எப்படி உச்சரிப்பது என்பதையும் குடும்பப் பதிவேட்டில் எழுதும் முறை 2025 மே 26-ல் அமலுக்கு வந்திருக்கிறது. வாய்க்கு வந்த உச்சரிப்பெல்லாம் இனி செல்லாது. அகராதிப் பெயரான "சரசா"வுக்கு அந்தக் கவலை இல்லை.

கதையில் வந்த சரசா

சட்டம் வழிவிட்ட பிறகு பெயரை ஊருக்குத் தெரிய வைத்தவர்கள் கதாசிரியர்கள்.

1990-ல் தொடங்கி 1998 வரை வந்த "பசாரா" என்ற படக்கதையில் கதாநாயகி பெயர் சரசா. இறந்துபோன இரட்டைப் பிறவி அண்ணன் வேஷம் போட்டு, ஜனங்களைத் திரட்டிச் சண்டைக்குப் போகிறவள். நாகிரா யூ எழுதிய "ருரோ நோ ட்சுகி" என்ற நாவலின் கதாநாயகியும் சரசா. புத்தகக் கடை ஊழியர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பரிசு ஒன்று ஜப்பானில் உண்டு. 2020-ல் அந்தப் பரிசு இந்த நாவலுக்குத்தான். 2022-ல் படமாகவும் வந்தது. சரசாவாக நடித்தவர் ஹிரோசே சுசு. சுசு என்றால்? மணி! ஸ்ரீசிட்டி இசுசுவில் இருக்கிற அதே மணி.

இவ்வளவு வந்தும், ஆண்டுதோறும் வெளியாகும் முன்னணிப் பெயர்ப் பட்டியலில் "சரசா" உச்சிக்கு ஏறவில்லை. ஆனால் இன்னொரு துணி ஏறிவிட்டது! மெய்ஜி யசுதா என்ற ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனி வெளியிட்ட 2021 பட்டியலில், பெண் குழந்தைப் பெயர்களில் முதல் இடம் "ட்சுமுகி". கையால் திரித்த பட்டு நூலில் நெய்யும் துணி அது. காதுக்கு நம்ம "சுமுகி" மாதிரி இருக்கிறது, அர்த்தம் வேறு.

ட்சுமுகி அவர்கள் ஊர்த் துணி. சரசா வந்த துணி. வந்த துணியின் பெயரைப் பெண்ணுக்கு வைக்கிறவர் கொஞ்சம் ரசனைக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அபூர்வமாக இருப்பதே அந்தப் பெயருக்கு அழகு. நாமும் பெண்ணைப் "பட்டு" என்று கூப்பிடுகிறோம். "சீட்டி" என்று யாரும் கூப்பிடவில்லையே!

அதே துறை, வேறு மூட்டை

பெயர் அழகாக இருக்கிறது என்பதற்காகப் பழவேற்காட்டுக் கதை முழுவதும் அழகு என்று எண்ணிவிடக்கூடாது.

1640-களில் இந்தக் கரையில் கொடிய பஞ்சம். சோற்றுக்கு வழியில்லாமல் ஜனங்கள் தங்களையே விற்றார்கள், பிள்ளைகளை விற்றார்கள். டச்சுக் கம்பெனி வாங்கியது. துணி மூட்டை ஏறிய அதே துறையில் மனிதர்களையும் ஏற்றி, அதே பத்தாவியாவுக்கு அடிமைகளாக அனுப்பியது. துணிக்குப் போன இடத்தில் பெயர் கிடைத்தது. மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டி கிடைத்தது. ஏறிப்போன அந்த ஜனங்களில் எத்தனை பேருக்குச் சொந்தப் பெயராவது மிஞ்சியதோ!

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களுக்குக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வாசலிலேயே இரண்டு எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள், பார்த்தால் திக்கென்று இருக்கும். உள்ளே கவர்னர், வியாபாரி என்று பெயரும் தேதியும் அழகாக வெட்டிய கல். சீட்டி எழுதியவனுக்கு அங்கே கல் இல்லை. கோட்டை இருந்த இடம் புதர் மண்டிக் கிடக்கிறது. டச்சுக்காரன் 1825-ல் ஊரை வெள்ளைக்காரனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான்.

எழுத்துத் துணித் தொழிலும் பழவேற்காட்டை விட்டுப் போய்விட்டது. மாவட்டத்தில் தறிச் சத்தம் கேட்க வேண்டுமானால் இன்றைக்கு அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை பக்கம் போக வேண்டும். மூங்கில் குச்சிப் பேனாவால் துணியில் எழுதுகிற கலம்காரியைப் பார்க்க ஆசைப்பட்டால், எல்லை தாண்டிக் காளஹஸ்தி. அங்கே கைவேலைக்காரர்கள் இன்னும் கடுக்காயும் பாலும் கலந்துதான் துணியை ஊறப்போடுகிறார்கள்.

சிவப்புக் கொடுத்த சாயவேர் மட்டும் எங்கேயும் போகவில்லை. கடற்கரை மணலில் தரையோடு தரையாக வளரும் சின்னச் செடி அது. நம் ஜனங்கள் இம்பூறல் என்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால், இருமலுக்கா என்று விசாரித்துவிட்டு எடுத்துக் கொடுப்பார்கள். சாயத்துக்கு வேண்டும் என்று இப்போது யாரும் கேட்டுப் போவதில்லை.